எண்ணும் எழுத்தும்: இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட பேரெண்

கோயிலுக்கு வருவோர்க்கு எண்கள் புதியன அல்ல. அர்ச்சனைக்கு 108 என்றும் 1008 என்றும் நாமங்கள் உண்டு. கும்பாபிஷேகத்தின் பின் மண்டலாபிஷேகம் 48 நாள். நட்சத்திரம் 27, இராசி 12, கிரகம் 9. றிச்மண்ட் ஹில்லில் பேவியூ அவெனியூவிலுள்ள ஆலயத்துக்குப் பெற்றோருடன் வரும் சிறு பிள்ளைகளும் இவற்றைக் கேட்டுப் பழகியவர்களே. இம்முறை இப்பகுதியில் எடுத்துக்கொள்ளப்படுவது இவை எல்லாவற்றிலும் மிகப் பெரிய ஓர் எண். அது இது:

2,93,31,86,25,600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு என்று இதனை வாயாற் சொல்லவேண்டும். இங்குள்ள பாடசாலைகளிற் படிக்கும் பிள்ளைகள் 293 பில்லியன், 318 மில்லியன், 6 இலட்சத்து 25 ஆயிரத்து 600 என்று எழுதினால் விளங்கிக்கொள்வர். ஒரு செக்கனுக்கு ஒன்றாக ஒருவர் ஓயாது எண்ணிக்கொண்டே இருந்தால், எண்ணி முடிக்க ஏறக்குறைய 9,300 ஆண்டுகள் செல்லும்.

எண் பெரிது என்பதனால் மட்டும் அது சிறப்புடையதாகிவிடாது. கணிதமேதை ஸ்ரீநிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டிய எண் இது. ஆனால் அதில் இது இல்லை. 102 எண்களைக் கையாற் கணித்து ஒழுங்காக எழுதிய அவர், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

காரணி மிகுந்த எண்கள்

அந்தப் பட்டியல் எதைப் பற்றியது என்பதை முதலில் நோக்குவோம். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். 60 மோதகங்கள் இருந்தால் அவற்றை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்னும் இத்தனை பேருள் எத்தொகையினருக்கும் உடைக்காமற் சமமாகப் பங்கிடலாம். ஆகவே 60க்குக் காரணிகள் 12. ஒரு மோதகம் குறைந்து 59 ஆகிவிட்டால் ஒருவருக்கோ 59 பேருக்கோதான் சமமாகக் கொடுக்க முடியும். 100 என்பது 60ஐ விடப் பெரியது, ஆயினும் அதற்குக் காரணிகள் 9 மட்டுமே.

தன்னிலும் சிறிய எண்கள் எல்லாவற்றையும் விடக் கூடுதலான காரணிகளை உடைய எண்ணையே இராமானுஜன் தேடினார். அத்தகையதைக் காரணி மிகுந்த எண் என்று இங்கே அழைப்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அவை தொடர்கின்றன. தொடக்கத்தில் நெருக்கமாக இருந்து, போகப் போக இடைவெளி பெருகும்.

இவ்வரிசையைப் பார்த்த மாத்திரத்தே பழைய நண்பர்கள் பலர் தெரிவர். டசின் 12. நாள் ஒன்றுக்கு மணி 24. மண்டலம் 48. நாழிகை 60. பிரபவ முதல் அட்சய வரையுள்ள வருடங்கள் 60. வட்டத்துக்குப் பாகை 360. 1971ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயரின் ஒரு பவுணுக்குப் பென்ஸ் 240. பங்கிடும் தேவை எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் இவ்வெண்கள் வந்து அமர்ந்துள்ளன. பத்திலும் நூறிலும் எண்ணுவது விரலுக்கு வசதி. பாதி, மூன்றிலொன்று, கால் என்று பிரிப்பதற்கோ 12உம் 60உமே வசதி.

ஆனால் 108 இவ்வரிசையில் இல்லை. அதற்கும் காரணிகள் 12 உண்டு. அதே 12 காரணிகள் அதிலும் சிறிய 60க்கே கிடைத்துவிடுகின்றன. 1008க்குக் காரணிகள் 30. அதனிலும் சிறிய 840க்கு 32. கலியுகத்துக்குச் சொல்லப்படும் 4,32,000 ஆண்டுகளுக்குக் காரணிகள் 128. அதிலும் சிறிய 3,32,640க்கு 192 உண்டு. இதனால் 108க்கும் 1008க்கும் ஒரு குறையும் இல்லை. அவற்றின் பெருமைக்குக் காரணம் வேறு. இராமானுஜன் வைத்த அளவுகோல் மட்டுமே இங்கே பேசப்படுவது.

காரணிகளை எண்ணும் வழி

பெரிய எண்களின் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ணுவது இயலாத காரியம். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எண்ணை முதன்மை எண்களின் பெருக்கமாக முதலிற் பிரிக்கவேண்டும். 60 என்பது 2×2×3×5. இதில் 2 இரு தடவையும் 3 ஒரு தடவையும் 5 ஒரு தடவையும் வருகின்றன. தடவை ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 3, 2, 2. இவற்றைப் பெருக்கினால் 12. ஏன் ஒன்று கூட்டவேண்டும்? ஒரு காரணியை ஆக்கும்போது 2ஐ ஒரு தடவை எடுக்கலாம், இரு தடவை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆக மூன்று வழிகள். 3க்கும் 5க்கும் இவ்வாறே இவ்விரண்டு வழிகள்.

இப்பொழுது விடுபட்ட பேரெண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். அதில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரு தடவை, 7 இரு தடவை, 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு தடவை. கடதாசியும் பென்சிலும் இருந்தால் எவரும் இதனைச் சரிபார்க்கலாம். ஆறு 2களின் பெருக்கம் 64. நான்கு 3களின் பெருக்கம் 81. 64×81 = 5,184. அதை 25ஆற் பெருக்க 1,29,600. அதை 49ஆற் பெருக்க 63,50,400. பதினொன்றாற் பெருக்க 6,98,54,400. பதின்மூன்றாற் பெருக்க 90,81,07,200. பதினேழாற் பெருக்க 15,43,78,22,400. பத்தொன்பதாற் பெருக்க 2,93,31,86,25,600.

காரணிகளின் தொகை 7×5×3×3×2×2×2×2, அதாவது 5,040. தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. ஆகவே அது பட்டியலிற் சேரவேண்டிய எண்ணே.

இந்த 5,040ஐச் சற்றே உற்று நோக்கவேண்டும். அதுவும் ஒரு காரணி மிகுந்த எண். அதன் காரணிகள் 60. அந்த 60உம் அவ்வரிசையைச் சேர்ந்தது. அதற்குக் காரணிகள் 12. 12க்கு 6. 6க்கு 4. எல்லாமே அவ்வரிசையில் உள்ளவை. கோயிற் கோபுரத்தின் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று சுருங்கி எழுவது போல இவை நிற்கின்றன. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘சட்டங்கள்’ என்னும் நூலிற் கற்பனையாக அமைத்த நகருக்கு 5,040 குடும்பங்கள் என வகுத்தமைக்கும் காரணம் இதுவே. நிலம், வரி, காவல் எதுவாயினும் குடிகளைப் பல விதத்திற் சமமாகப் பிரிக்க அவ்வெண் இடந்தரும் என்று அவர் கண்டார்.

சைவத்துக்கும் தமிழுக்கும் பங்கு கொடுக்கும் எண்

2,93,31,86,25,600 என்பதை 1 முதல் 22 வரையுள்ள எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். 23இல் மட்டும் அது நின்றுவிடும். அன்பர்களுக்குப் பழக்கமான வேறு எண்களை வைத்து வகுத்துப் பார்ப்பதும் சுவையானது.

கிரகம் 9, இராசி 12, நட்சத்திரம் 27 ஆகியவற்றால் வகுபடும். தத்துவங்கள் 36, 96 ஆகியவற்றாலும் வகுபடும். நாயன்மார் 63, திருவிளையாடல் 64, திவ்விய தேசம் 108, நாமங்கள் 1008 ஆகிய யாவும் அதன் காரணிகளே. தமிழ் எழுத்துக்கு வந்தால் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. இவை மூன்றும் வகுக்கும். ஆய்தத்தையும் சேர்த்த மொத்தம் 247. இது 13×19 ஆதலால் இதுவும் வகுக்கும். திருக்குறளின் அதிகாரம் 133 என்பது 7×19. குறட்பாக்கள் 1330. இவ்விரண்டும் அதன் காரணிகள். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களும் பொருட்பாலின் 70உம் காமத்துப்பாலின் 25உம் அவ்வாறே.

இராமானுஜனின் பெயரோடு உலகெங்கும் சொல்லப்படும் 1729ஐயும் மறக்கலாகாது. நோயுற்று மருத்துவமனையிற் கிடந்த அவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் சுவையற்றது என்றார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையில் இருந்தவாறே இராமானுஜன் விடை கூறினார். அந்த 1729 என்பது 7×13×19. ஆகவே அவர் நினைவில் நின்ற எண், அவர் விட்ட எண்ணின் காரணி.

வகுக்க முடியாதவையும் உண்டு. கலியுக ஆண்டுகளின் தொகையான 4,32,000இல் 2 ஏழு தடவை வருவதால் அது வகுக்காது. பாடல் பெற்ற தலங்களை 276 என எண்ணும் மரபு உண்டு. 276 என்பது 12×23. 23 இருப்பதால் அதுவும் வகுக்காது. எனினும் பேரெண்ணை 23ஆற் பெருக்கிவிட்டால் வகுக்கும். பெருக்கினால் வருவது 67,46,32,83,88,800. இந்த எண்ணுக்கும் இராமானுஜன் பட்டியலுக்கும் உள்ள உறவு சற்றுப் பின்னர் சொல்லப்படும்.

இவ்வளவும் தெய்வச் செயல் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. காரணிகள் மிகுந்த எண்ணாதலால் எதைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் அதற்கு இடம் இருக்கும். அதுவே அதன் இயல்பு.

கப்பல் ஏறிய குமாஸ்தா

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்திலே சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்தம் குலதெய்வம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிப்பணம் பெற்றுச் சேர்ந்தும், கணிதம் தவிர்ந்த பாடங்களிற் கவனம் செல்லாமையால் அதனை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார். 1913 ஜனவரியிற் கேம்பிறிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. 1914 மார்ச் 17ஆந் திகதி ‘நெவாசா’ என்னும் கப்பலிற் சென்னையை விட்டுப் புறப்பட்டார்.

ஆங்கு சென்ற சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது. புலால் உண்ணாத அவருக்குப் போர்க்காலத்திற் காய்கறி கிடைப்பதும் அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வேறு. குடிபெயர்ந்து வந்து முதல் மாரிகாலத்தைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. அத்தகைய காலத்திலேதான் காரணி மிகுந்த எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையை அவர் எழுதினார். அது 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் அச்சாயிற்று. அதற்காகவே 1916 மார்ச்சில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டத்தை வழங்கியது. தாய்நாட்டில் இருமுறை கல்லூரியிலிருந்து வெறுங்கையுடன் வந்தவருக்குக் கிடைத்த பட்டம் அது. 1918இல் அவர் றோயல் சொசைட்டியின் உறுப்பினரும் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினரும் ஆனார்.

பட்டியலும் அதன் இடைவெளியும்

காரணி மிகுந்த எண்களைத் தரும் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் அவற்றுக்குச் சில ஒழுங்குகள் உண்டு என்று இராமானுஜன் நிறுவினார். முதன்மை எண்கள் 2இலிருந்து வரிசையாக, இடையில் ஒன்றும் விடாமல் வரவேண்டும். சிறிய முதன்மை எண் வரும் தடவை, பெரியது வரும் தடவையிலும் குறையக்கூடாது. 18 என்பது 2×3×3. அதில் 3 அதிகம். தடவைகளை மாற்றி 2×2×3 என வைத்தால் 12 ஆகிவிடும். இரண்டுக்கும் காரணிகள் ஆறே. ஆகவே சிறியதாகிய 12க்கே இடம். கடைசி முதன்மை எண் 4, 36 ஆகிய இரண்டிலும் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒரே தடவைதான் வரும் என்பதும் அவர் கண்ட உண்மை. விடுபட்ட எண்ணில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று தடவைகள் இறங்கி வருவதை அன்பர்கள் கவனிக்கலாம்.

இவ்வொழுங்குகள் தேடலைச் சுருக்கும், முடித்துத் தரமாட்டா. ஒழுங்குக்கு அமைந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெருக்கி, காரணிகளை எண்ணி, மற்றவற்றோடு ஒப்பிட்டே தேரவேண்டும். கணினி இல்லாத காலம். கும்பகோணத்திற் கடதாசி வாங்கப் பணமின்றிச் சிலேற்றில் எழுதி முழங்கையால் அழித்துப் பழகிய அதே கையால் இராமானுஜன் 2இலிருந்து தொடங்கி 102 எண்களையும் அவற்றின் காரணித் தொகைகளையும் பட்டியலாக்கினார். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. காரணிகள் 10,080.

மேலே 276ஐப் பற்றிச் சொன்னபோது வந்த எண்ணே இது. பட்டியலின் கடைசி எண், விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு. அதன் காரணித் தொகையும் விடுபட்ட எண்ணின் காரணித் தொகையைப் போல் இரு மடங்கு. வாசலிற் காணாமற் போனவர் கூட்டத்தின் கடைசியில் வேறு உடையுடன் நிற்பது போன்றது இது.

பட்டியலில் அவ்வெண் இருந்திருக்கவேண்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். முன்னுள்ளது 2,40,94,02,99,600. காரணிகள் 4,800. பின்னுள்ளது 3,21,25,37,32,800. காரணிகள் 5,376. இவ்விரண்டிலும் 23 ஒரு காரணியாக உள்ளது. 7 ஒரு தடவையே வருகின்றது. இடையில் வரவேண்டியதிலோ 23 இல்லை. அதற்கு ஈடாக 7 இரு தடவை வருகின்றது. அதற்கு மேல் அப்பட்டியலில் உள்ள எல்லா எண்களும் 23ஆல் வகுபடுவனவே. ஆக, 23 இல்லாமல் அவ்வரிசையில் வந்த கடைசி எண் அது. ஊரெல்லாம் புதுப் பாதைக்கு மாறிய பின்னும் பழைய பாதையால் வந்த ஒருவரைப் போன்றது.

இன்று ஒரு சாதாரணக் கணினி அந்த 102ஐயும் விடுபட்டதையும் கண்மூடித் திறப்பதற்குள் தந்துவிடும். காரணி மிகுந்த எண்கள் இப்பொழுது இலட்சக்கணக்கிற் கணிக்கப்பட்டுள்ளன. அவற்றோடு ஒப்பிட்டபோது இராமானுஜன் எழுதிய 102உம் சரியாகவே இருந்தன. குறைந்தது ஒன்று மட்டும்.

அச்சேறாத பக்கங்கள்

அக்கட்டுரையிலிருந்து விடுபட்டது அவ்வோர் எண் மட்டுமன்று. இலண்டன் கணிதச் சங்கத்துக்கு அக்காலத்திற் பணமுடை. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு இராமானுஜன் தம் கட்டுரையின் பின்பகுதியை விலக்கிக்கொண்டார். அச்சானவை 52 பிரிவுகள். மிகுதி கையெழுத்தாகவே கிடந்தது. 1919இல் நோயுடன் நாடு திரும்பிய இராமானுஜன் 1920 ஏப்ரல் 26ஆந் திகதி சென்னையிற் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 32.

அக்கையெழுத்துப் பிரதி கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் பேணப்பட்டது. 1988இல் அவருடைய ஏனைய அச்சேறாத தாள்களுடன் நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது. 1997இல் நிக்கோலா, றொபின் என்னும் இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் அதற்கு விளக்கக் குறிப்பெழுதி ‘இராமானுஜன் ஜேர்னல்’ என்னும் ஆய்விதழின் முதற் தொகுதியில் வெளியிட்டனர். எழுதியதற்கும் முறையாக அச்சேறியதற்கும் இடையில் 82 ஆண்டுகள்.

அவ்விருவருள் றொபின் என்பவர் 1984ஆம் ஆண்டில் ஒரு தேற்றத்தை நிறுவியிருந்தார். அது காரணிகளின் தொகையை விட்டு, காரணிகளைக் கூட்டிவரும் பெறுமானத்தைப் பற்றியது. 5,040இன் 60 காரணிகளையும் கூட்டினால் 19,344. ஒவ்வோர் எண்ணுக்கும் இக்கூட்டலுக்கென ஓர் எல்லையை வகுக்கும் சூத்திரம் உண்டு. 5,040க்கு அவ்வெல்லை 19,237 அளவில் வருகின்றது. ஆகவே 5,040 எல்லையை மீறுகின்றது. 5,040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் எல்லையை மீறாவிட்டால் றீமான் கருதுகோள் உண்மை. அக்கருதுகோள் உண்மையானால் எந்த எண்ணும் மீறாது. இதுவே றொபின் நிறுவியது. றீமான் கருதுகோள் என்பது முதன்மை எண்களின் பரம்பலைப் பற்றி 1859இல் முன்வைக்கப்பட்டு இன்றுவரை நிறுவப்படாத பெரும் வினா. அதனை நிறுவுபவர்க்கு அமெரிக்காவிலுள்ள கிளே கணித நிலையம் 2000ஆம் ஆண்டில் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது.

இராமானுஜன் விலக்கிய பக்கங்களில் என்ன இருந்தது? றீமான் கருதுகோள் உண்மையெனக் கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் அவ்வெல்லையை மீறமாட்டா என்பதற்கான கணக்கு அங்கே இருந்தது. எழுபது ஆண்டுகளின் பின் வேறொருவர் வேறொரு நாட்டில் இதே பொருளைத் தாமாக மீண்டும் கண்டு, அதனை முழுமையாக்க வேண்டியதாயிற்று. சில பக்கங்களுக்குரிய கடதாசிச் செலவும் அச்சுக்கூலியும் அன்று கிடைத்திருந்தால் அவ்வழியிற் சென்றிருக்கக்கூடியோர் பலர்.

இரு விடுபடல்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தகும். பட்டியலில் ஓர் எண் விடுபட்டதனால் கணிதத்துக்கு யாதொரு நட்டமும் இல்லை. எவரும் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்தும் விட்டனர். பக்கங்கள் விடுபட்டதனால் ஏற்பட்டதோ பெரு நட்டம். ஆயினும் அப்பிரதியை எறியாமற் காத்த நூலகம் ஒன்று இருந்தமையால் அது முற்றாக அழியவில்லை. ஊரைவிட்டு வந்த பலருடைய வீடுகளில் தந்தையரின் கணக்குக் கொப்பிகளும் பழைய கடிதங்களும் நிலவறைப் பெட்டிகளிற் கிடக்கின்றன. வீடு மாறும்போது முதலிற் குப்பைக்குப் போவனவும் அவையே. எறியுமுன் ஒருமுறை விரித்துப் பார்ப்பது நன்று.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது

இராமானுஜனைப் பற்றி இளையோருக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டு கதைகள். ஒன்று வாடகைக் கார். மற்றது கனவில் நாமகிரித் தாயார் சூத்திரங்களைக் காட்டியது. தாயாரிடத்து அவர் கொண்டிருந்த பக்தி உண்மையானது. அதனைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆனால் இவ்விரு கதைகளை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கணக்கு என்பது சிலருக்கு வானத்திலிருந்து இறங்கும் வரம் என்றும் தனக்கு அது இறங்கவில்லை என்றும் எண்ணிவிடக்கூடும். பெருக்கற் கணக்கிற் பிழைவிட்ட பிள்ளை அழுதுகொண்டு கொப்பியை மூடிவிடுவதும் உண்டு. அப்பிள்ளைக்கு இந்த 102 எண்களின் கதையைச் சொல்லலாம். நூற்றுக்கணக்கான பெருக்கல்களைச் செய்து, அழித்து, ஒப்பிட்டு, தனிமையிலும் குளிரிலும் இருந்து ஆக்கிய பட்டியல் அது. அதில் ஒன்று விடுபட்டும் இருக்கின்றது. அதனை ஆக்கியவரை உலகம் இன்றும் மேதை என்றே போற்றுகின்றது.

இராமானுஜன் வாழ்ந்தது 32 ஆண்டுகள் என்பதை நினைவுகூர்ந்து, அவ்வயதைக் கடவாத கணித அறிஞருக்குச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் கும்பகோணத்தில் ஒரு பரிசு வழங்குகின்றது. முதலாம் ஆண்டில் அதனைப் பெற்ற இருவருள் ஒருவர் மஞ்சுள் பார்கவா. அவர் றிச்மண்ட் ஹில்லிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய ஹமில்ரன் நகரில் 1974இற் பிறந்தவர். 2014இல் அவருக்குக் கிடைத்த ஃபீல்ட்ஸ் பதக்கமோ ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஒருவரின் பெயரால் வழங்குவது.

இம்முறைக் கணக்குகள்

பிள்ளைகள் கணிப்பானைத் தொடாமற் செய்து பார்க்கவேண்டியவை:

1. நூறுக்கு உட்பட்ட எண்களில் 12 காரணிகள் உடையவை ஐந்து. ஒன்று 60. மற்ற நான்கும் எவை?

2. பதினாறு காரணிகளை உடைய மிகச் சிறிய எண் எது?

3. 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணைக் காண்க. அதனைக் கொண்டு 2,93,31,86,25,600ஐ வகுத்தால் வரும் ஈவு, இராமானுஜன் பட்டியலில் உள்ளதா?

மூன்றாவது கணக்குக்குப் பெற்றோரும் பக்கத்தில் இருந்து பென்சில் பிடிக்கலாம். விடைகள் அடுத்த இதழில்.